சகலை கொண்டுபோய் விட்ட எலிகள்

என் சகலை நல்லவனா என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன், நல்லவன். பைத்தியமா என்று கேட்டால் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெண்டாட்டியின் தங்கையைக் கட்டியவன் அவன். என்னைவிட இளையவன் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவான். ரொட்டிக் கம்பெனியில் நான் ஃபோர்மேன், அவன் மாவு ஸ்டோருக்குப் பொறுப்பு. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். "நம்ம வீட்டு ஆளுங்க, நான் கேரண்டி" என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகப் பிற்பாடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கம்பெனியில் அவனுக்கு 'மெதுவா' என்று பட்டப்பெயர். மூட்டை இறக்க வரும் ஆட்களிடம் அவன் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். மூட்டை கிழிந்துவிடுமே என்ற கவலையில் அல்ல, கீழே பல்லி இருக்கும், பல்லி முட்டை இருக்கும், எறும்பு வரிசை போகும் என்பதற்காக. ஒருவன் தோளில் மூட்டையோடு திணறிக்கொண்டு நிற்பான், இவன் குத்தவைத்து உட்கார்ந்து தரையில் எறும்பை ஊதி ஊதி விலக்கிக்கொண்டிருப்பான். "யோவ் மெதுவா, என் முதுகெலும்பும் ஒரு ஜீவன்தான்யா" என்று ஒருவன் ஒருநாள் சொன்னதற்கு ஸ்டோரே சிரித்தது. இவனும் சேர்ந்து சிரித்தான். கிண்டலுக்குக் கோபப்படத் தெரியாதவன்.

வீட்டில் மூன்று காலோடு ஒரு நாய், காது பாதி போன ஒரு பூனை. தெருப் பிள்ளைகள் சிறகு ஒடிந்தது, கால் நசுங்கியது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இவன் வாசலுக்குத்தான் வரும். பிழைத்தால் பறக்க விடுவான், செத்தால் குழி தோண்டுவான். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்வான். என் கொழுந்தியாவுக்கு இதில் பெரிய வருத்தம் கிடையாது. குடிக்கிறதில்லை, சீட்டு ஆடுறதில்லை, நாயைக் குளிப்பாட்டுகிறார், இதற்கெல்லாம் போய் ஒருத்தி சண்டை போட முடியுமா அத்தான் என்று என்னிடமே கேட்டிருக்கிறாள்.

இதற்கு நடுவே அவன் கறி தின்பான். லீவு நாளில் என் வீட்டுக்கு வந்தால் கோழியை எலும்பு வெள்ளையாகும்வரை விடமாட்டான். நான் ஒருதரம் வாய்விட்டே கேட்டேன், பல்லி முட்டைக்குப் பதறுகிறவன் கோழிக்குப் பதறமாட்டாயா என்று. "அது வேற அண்ணே" என்றான். எப்படி வேறே என்றால், "வேறதான்" என்று அடுத்த துண்டை எடுத்துக்கொண்டான். எனக்கு அதில் ஒரு நிம்மதி. கோழி தின்கிறவன் முழுப் பைத்தியமாக இருக்க முடியாது என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அப்புறம்தான் ஸ்டோரில் எலி வந்தது.

மாவு இருக்கிற இடத்துக்கு எலி வருவது அதிசயமில்லை. ஆனால் இந்த முறை வந்தது கூட்டம். மூட்டைகளின் மூலைகளைக் கடித்து ஓட்டை போட்டிருந்தன. காலையில் வந்து பார்த்தால் தரையில் மாவுக் கோடு, கோட்டின் மேல் குட்டிக் குட்டிக் காலடி. முதலாளி எலி மருந்துப் பாக்கெட் வாங்கிவரச் சொல்லி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சகலை போய் அவர் மேசை முன்னால் நின்றான். மருந்து வேண்டாம், கூண்டு வாங்கிக் கொடுங்கள், ஒன்று விடாமல் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். முதலாளி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இதுக்கும் உன் கேரண்டியா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது, வீட்டில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டுமே.

கூண்டில் ரொட்டி ஓரத்தை வெண்ணெய் தடவி மாட்டுவான். காலையில் வந்ததும் முதல் வேலை, பிடிபட்ட எலிகளைக் கூண்டோடு சைக்கிள் கேரியரில் கட்டுவது. வெளிச்சம் பட்டால் பயப்படுமாம், அதனால் காலி மாவுச் சாக்கைப் போட்டு மூடுவான். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பழைய பேப்பர் குடோனுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திறந்துவிடுவான். ஊரில் இருக்கிற பழைய பேப்பரெல்லாம் வந்து சேர்கிற இடம் அது.

எங்கள் மதிலுக்குப் பின்னாலேயே பொட்டல் காடு கிடக்கிறது. அதில் விட்டால் என்ன, எதற்கு அவ்வளவு தூரம் மிதிக்கிறாய் என்று கேட்டேன். அங்கே பருந்து இருக்கிறதாம், பாம்பு இருக்கிறதாம். "பேப்பர் குடோன்னா வெயில் இல்ல, மழை இல்ல. கிழிச்சி மெத்தை போட்டுக்கும். குட்டி போடுறதுக்கு நல்ல இடம் அண்ணே" என்றான். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவன் மாப்பிள்ளை வீட்டில் தண்ணி வசதி எப்படி என்று விசாரிப்பானே, அந்த மாதிரி விசாரித்து வைத்திருந்தான்.

தினமும் பிடித்தான். தினமும் கொண்டுபோய் விட்டான். எலி குறையவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை, பெருக்கம் அப்படி என்று நினைத்தேன். ஒருநாள் கூண்டுக்குள் பார்த்தவன், "அண்ணே, இது நம்ம வால்குட்டைதானே" என்றான். வால் பாதியோடு நின்றுபோன எலி ஒன்று. போன வாரம் இவன் கையால் கொண்டுபோய் விட்டது அது என்று சத்தியம் செய்தான். எனக்கு எல்லா எலியும் எலிதான். ஆனால் பாதி வால் எனக்கும் ஞாபகம் இருந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. நம்மைத் தேடி வந்திருக்கிறது அண்ணே என்றான். கால்வாயைத் தாண்டி, லாரி போகிற ரோட்டைத் தாண்டி ஒரு எலி உன்னைத் தேடி வருமா, உன் மச்சினனே உன்னைத் தேடி வந்ததில்லையே என்றேன். காதில் வாங்கவில்லை.

அப்புறம் ரொட்டிப் பாக்கெட்டில் தேதி குத்துகிற நீல மையை எடுத்து, விடுகிற எலிகளின் முதுகில் ஒரு பொட்டு வைத்துவிட ஆரம்பித்தான். நாலைந்து நாளில் நீலப் பொட்டெல்லாம் திரும்பி வந்துவிட்டன. அடுப்பில் வேலை செய்கிற ஆட்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சாக்கடை வழியாக நீந்தி வருகிறது என்றான் ஒருவன். பேப்பர் லாரியில் ஏறி வந்து நம் கேட்டில் இறங்குகிறது என்றான் இன்னொருவன். நாங்கள் சுவர் ஓட்டைகளைக் கண்ணாடித் துண்டு போட்டு சிமெண்டால் அடைத்தோம். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை.

அதற்குப் பிறகுதான் எனக்கு மண்டை காய ஆரம்பித்தது. ஒரு எலி வந்தது, முதுகில் நீலப் பொட்டு, வாலில் சிவப்புக் கோடு. நாங்கள் யாரும் சிவப்பு வைக்கவில்லை. எங்கள் கம்பெனியில் சிவப்பு மையே கிடையாது. சகலை அது ரத்தம் என்று பயந்து துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தான். போகவில்லை, பெயிண்ட். மறுநாள் இன்னும் இரண்டு எலிகளுக்குச் சிவப்பு வால். அடுப்புக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "நாமதான் நீலக்கட்சி. எதிர்க்கட்சி ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க போல." எல்லாரும் சிரித்தார்கள். சகலை சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

ஆள் மாறிக்கொண்டே வந்தான். ஸ்டோர் வாசலில் மற்றவர்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்றான். மூட்டை இழுத்தவனை ஒருநாள் சட்டையைப் பிடித்துவிட்டான், அடியில் எலிக்குஞ்சு இருந்ததாம். சகலையின் மகளுக்குக் கண்ணில் ஏதோ தொந்தரவு, காலையிலேயே கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இவன் கூண்டுகளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்விட்டான். திரும்பி வருவதற்குள் டாக்டர் போயாயிற்று. என் கொழுந்தியா நேரே என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. என் பெண்டாட்டி கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பாசம் வெக்கட்டும் அத்தான், நான் வேணாங்கல. ஆனா இப்பல்லாம் எங்களைப் பார்க்கும்போது, நாங்க ஏதோ வழியில குறுக்க நிக்கிற மாதிரி பார்க்குறாரு."

மறுநாள் அவனைப் பிடித்து ஏசினேன். நல்லா வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டான். கடைசியில், "ஆஸ்பத்திரி நாளைக்கும் இருக்கும் அண்ணே. கூண்டுக்குள்ள மூச்சு முட்டிக்கிட்டு இருக்கிறது நாளைக்கு இருக்குமா?" என்றான். கேட்கும்போது சரி மாதிரியும் இருந்தது, செருப்பால் அடிக்கலாம் மாதிரியும் இருந்தது. அந்த வார லீவில் என் வீட்டில் கோழியைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சோறு தின்றான். என் பெண்டாட்டி, பரவாயில்லையே, ஒருவழியாக ஒரே மாதிரி ஆகிவிட்டார் என்றாள். எனக்கு என் பழைய கணக்குதான் ஞாபகம் வந்தது.

சுகாதார ஆபீஸிலிருந்து திங்கட்கிழமை சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். ஸ்டோரில் எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் கம்பெனிக்கு சீல், அத்தனை பேரும் வீட்டுக்கு. சனிக்கிழமை மத்தியானம்வரை பார்ப்பேன், எலி இருந்தால் மருந்து வைக்க வேண்டியது. உன் சகலை அதற்குக் குறுக்கே வந்தால் அவன் வேலைக்கு வர வேண்டாம். கேரண்டி கொடுத்த நீ வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு பண்ணிக்கொள். அவ்வளவுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஓட்டை இன்னும் எங்கே இருக்கிறது என்று பார்க்க மதிலுக்குப் பின்பக்கம் போனேன். கெட்டுப்போன பன்களைக் கொட்டுகிற தொட்டி அங்கேதான் இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கட்டைப் பை, முன்னால் ஒரு கூண்டு, கூண்டின் மேல் சீலைத் துணி. துணியை விலக்கிக் கூண்டைத் திறந்து, "போங்க, போங்க. சண்டை போடாம இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே ஓடி வந்ததில் ஒன்றின் முதுகில் நீலப் பொட்டு. வாலில் சிவப்பு.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யாரும்மா நீ என்று கேட்டேன்.

அவள் பயப்படவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "இங்க சாப்பாட்டுக்குக் குறை இருக்காது இல்லையா அண்ணே?" என்று கேட்டாள்.

பேப்பர் குடோனில் எடை போடுகிற பெண். ஆறேழு வாரமாக எவனோ ஒரு படுபாவி காலையில் வந்து அங்கே எலிகளைக் கொட்டிவிட்டுப் போகிறானாம். எலிக்கு பேப்பர் மெத்தை மாதிரி இருக்கும், உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். பேப்பரை அமுக்கிக் கட்டாக்குகிற மெஷின் ஒன்று அங்கே ஓடுகிறது. மீதியை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சொன்னாள். ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் இரண்டு கையையும் விட்டுத் துழாவிப் பார்க்கிறாளாம். கை முழுக்கக் கடி. அகப்பட்டதைப் பிடித்து, கட்டின் மேல் எடை எழுதுகிற சிவப்புப் பெயிண்டால் வாலில் கோடு போட்டு, வேலை முடிந்ததும் இங்கே கொண்டுவந்து விடுகிறாள். ரொட்டிக் கம்பெனி என்றால் பட்டினி கிடக்காது என்று நினைத்தாள். பொட்டல் காட்டில் விடவில்லையா என்றேன். "ஐயோ, அங்க பருந்து இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. காலையில் இவன் கொண்டுபோய் விடுகிறான், சாயந்திரம் இவள் கொண்டுவந்து விடுகிறாள். இரண்டு பேரும் நல்ல இடமாகப் பார்த்து, வசதியாகப் பார்த்து.

ஓடிப்போய் சகலையைக் கூட்டிவந்தேன். ஒரே குணம் உள்ள இரண்டு பேர், பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொள்ளாவிட்டாலும் சம்பந்தி மாதிரி நாலு வார்த்தை பேசுவார்கள், விஷயம் இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மெஷின் என்று கேட்டதும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எத்தனை போச்சு என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல், நீங்கள் கறி தின்பீர்களா என்று கேட்டாள். போன வாரம் வரைக்கும் என்றான். "அப்ப நீங்க எதையும் கேட்காதீங்க" என்றாள். அவன் அதற்கும் தலையாட்டினான். நடுவில் நான் புகுந்து, சோதனை வருவதையும் மருந்துப் பாக்கெட் ஆபீஸ் அலமாரியில் காத்திருப்பதையும் சொன்னேன். அவளுக்கு விஷயம் தெரிந்தால் எலி கொண்டுவருவதை நிறுத்துவாள் என்பது என் எண்ணம். அவள் முகம் தெளிந்துவிட்டது.

"வரட்டும் அண்ணே. சீல் வெக்கட்டும். மூடின இடத்துல மருந்து வெக்க ஆள் இருக்காது, எலி பாட்டுக்கு இருக்கும்."

உள்ளே வேலை செய்கிறவர்கள் என்னம்மா ஆவார்கள் என்றேன்.

"ஆளுங்களுக்கு இன்னொரு வேலை கிடைக்கும். எலிக்கு இன்னொரு உலகம் கிடைக்குமா?"

நான் சகலையைப் பார்த்தேன். அவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், மெதுவாக, ஒத்துக்கொள்கிற மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம் மாவு பிசையும் நேரம். மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது, மாவு வரவில்லை. என்னவென்று போய்ப் பார்த்தால் ஸ்டோர் கதவு பூட்டியிருக்கிறது. பூட்டுக்கு முன்னால் சகலை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், சாவி இடுப்பில். அவனுக்குப் பக்கத்தில், கேட்டில் யாரை ஏமாற்றி உள்ளே வந்தாளோ, அந்தப் பேப்பர் குடோன் அக்கா. இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். அடுப்பு சூடாகிப் பயனில்லாமல் எரிகிறது. முதலாளி கையில் மருந்துப் பாக்கெட்டோடு வந்து, என்னைப் பார்த்து, "ஃபோர்மேன், உன் ஆளு" என்றார். ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நான் அவன் எதிரில் உட்கார்ந்தேன். முட்டி வலியோடு உட்கார்ந்தேன். வீட்டைச் சொன்னேன், பிள்ளையின் கண்ணைச் சொன்னேன், என் கேரண்டியைச் சொன்னேன். அவன் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. "புரியுது அண்ணே, புரியுது" என்றான், சாவியைத் தொடவில்லை. சுற்றி நிற்கிற ஆட்களில் அடுப்புக்காரன், வேண்டாம்பா மெதுவா, கொடுத்துடு என்று கெஞ்சுகிற குரலில் சொன்னான்.

"கொடுக்காதீங்க" என்றாள் அவள். "இன்னும் ஒரு நாள்தான். நான் நேத்தே சுகாதார ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை இல்ல, ஞாயித்துக்கிழமைன்னு பார்க்காம நாளைக்கே வர்றாங்க. நாளைக்கு சீல்."

கூட்டம் கசமுசா என்றது. சகலை அவள் பக்கம் திரும்பினான்.

"எங்கிட்ட சொல்லலையே அக்கா."

"சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?"

அவன் யோசித்தான். அவன் யோசிக்கிறபோது உதடு லேசாக அசையும். அப்புறம் கேட்டான், "சீல் வெச்சா மாவை அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க. அடுப்பும் அணைஞ்சிடும். அதுங்க என்ன தின்னும்?"

அவள், "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள்.

"உள்ள பூட்டிக் கிடக்கும் அக்கா. என்ன தின்னும்?"

"முதல்ல இவங்க தோத்துப் போகட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. எழுந்தான். வேட்டியைத் தட்டினான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து முதலாளியிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தான். முதலாளியிடம் போய் மருந்துப் பாக்கெட்டுக்குக் கையை நீட்டினான். அவர் கொடுக்கத் தயங்கினார், எங்கேயாவது வீசிவிடுவானோ என்று.

"நான் வெக்கிறேன் சார்" என்றான். "வேற ஆளு வெச்சா கண்ட இடத்துல வெப்பாங்க. நாய் தின்னும், பூனை தின்னும். எலியும் கொஞ்சமா தின்னுட்டு நாள்கணக்குல இழுத்துக்கிட்டுக் கிடக்கும். அதுங்க எங்க போகும், எந்த வழியா வரும்னு எனக்குத்தான் தெரியும்."

முதலாளி பாக்கெட்டைக் கொடுத்தார். நான் கதவைத் திறந்தேன். சாயந்திரம்வரை அவன் முட்டி போட்டுக்கொண்டு ஸ்டோர் முழுக்க ஊர்ந்தான். பலகைகளைச் சாய்த்து, பூனைத் தலை நுழையாத அளவுக்கு இடுக்கு விட்டு, உள்ளே மருந்து வைத்தான். மாவுப் பக்கம் ஒரு துளி சிந்தவில்லை. ஒவ்வொரு இடத்திலும் வைக்கும் முன்னால் கொஞ்சம் நின்றான். வெளியே கேட்டில் அவள் "கொலைகாரா, கொலைகாரா" என்று கத்திக்கொண்டேயிருந்தாள். வாட்ச்மேன் வெளியே தள்ளியும் போகவில்லை. அடுப்புக்காரன் பக்கத்தில் வந்து, நாய்க்கு வாய்க்கட்டுகூடப் போடமாட்டானே, இவனா இது என்று என் காதில் கேட்டான்.

மறுநாள் ஆபீஸர்கள் வந்தார்கள். மருந்து வைத்த முறையைப் பார்த்தார்கள், அடைத்த ஓட்டைகளைப் பார்த்தார்கள், அதைச் செய் இதைச் செய் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சீல் இல்லை. முதலாளி அவன் தோளில் தட்டினார். அவன் தோள் அந்தத் தட்டலுக்கு அசையவேயில்லை.

அடுத்த சில நாட்கள் செத்ததையெல்லாம் அவனே பொறுக்கினான். நீலப் பொட்டு, சிவப்பு வால், இரண்டும் உள்ளது. மாவுச் சாக்கில் போட்டுப் பொட்டல் காட்டில் குழி தோண்டிப் புதைத்தான். நான் மண்வெட்டி பிடிக்க வந்தபோது வேண்டாம் அண்ணே என்றான். வால்குட்டை அதில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. எல்லாம் முடிந்ததும் ஸ்டோர் வேண்டாம், அடுப்புக்கு மாற்றிவிடுங்கள் என்றான். வேலையையே விடுகிறேன் என்று சொல்லாமல் இருந்தானே, அதுவே பெரிது என்று நான் மாற்றிவிட்டேன். முதலாளிக்கு இஷ்டமில்லை. இவ்வளவு நறுவிசாக மருந்து வைக்கிற ஆளை அடுப்பில் எதற்குய்யா வீணாக்குகிறாய் என்று கேட்டார்.

ஆளுக்கொன்று பேசுகிறார்கள். முதலாளி, பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்கிறார். அடுப்புப் பக்கம் ஒருவன், கடைசி நேரத்தில் பயந்துவிட்டான், வேலை போய்விடும் என்றால் யாருக்கும் பாசம் பறந்துவிடும் என்றான். என் பெண்டாட்டி, பாசம் இருந்ததால்தான் தன் கையாலேயே வைத்தார் என்கிறாள். கொழுந்தியாவிடம் கேட்டேன். மகளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், பூனைக்கு மருந்து போடுகிறார், ஆனால் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் அத்தான் என்றாள்.

அந்தப் பேப்பர் குடோன் அக்காவுக்கு அங்கே வேலை போய்விட்டது. மெஷினுக்குள் கட்டையைச் செருகி நிறுத்திவிட்டாளாம். இப்போது பிடித்த எலிகளையெல்லாம் தன் ஒற்றை அறைக்குள்ளேயே கூண்டு கூண்டாக வைத்திருக்கிறாள். வாரத்துக்கு ஒருதரம் சகலை விற்காத பன்களைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போகிறான். அவள் கதவைத் திறந்து, பையை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் முகத்தில் அறைகிற மாதிரி கதவைச் சாத்துகிறாள். நான் ஒருதரம் கூடப் போய் என் கண்ணால் பார்த்தேன். தெருவுக்கு வந்ததும், உன்னைக் கொலைகாரன் என்றவள் வாசலுக்கு எதற்குடா வருகிறாய் என்று கேட்டேன்.

"அந்த அக்கா தன்னோட சோத்தைக் கூண்டுக்குள்ள போடுறாங்க அண்ணே. ஆள் இளைச்சிட்டாங்க" என்றான்.

எலிக்காக வருகிறானா அவளுக்காக வருகிறானா என்று அதிலும் எனக்குப் பிடிபடவில்லை.

போன வாரம் முதலாளி மறுபடி என்னைக் கூப்பிட்டார். ஸ்டோருக்குப் போட்ட புது ஆள் சரியில்லை, மூட்டை நனைகிறது, உன் சகலையையே திரும்பக் கொண்டுவா என்று சாவியை என் கையில் கொடுத்தார். நான் அடுப்புக்குப் போய் அவனிடம் நீட்டினேன். நெருப்பு வெக்கையில் முகமெல்லாம் சிவந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டான், வாங்கவில்லை.

"நீங்க சொன்னா வர்றேன் அண்ணே. நீங்க சேர்த்துவிட்ட வேலை. ஆனா திரும்ப எலி வந்தா என்ன பண்ணணும்னு நீங்கதான் சொல்லணும். எனக்குத் தெரியல."

இத்தனை வருஷம் ஃபோர்மேன் வேலை பார்த்திருக்கிறேன், இதைச் செய் அதைச் செய் என்று வாய் ஓயாமல் சொல்லிப் பிழைத்தவன். அன்றைக்கு மட்டும் ரொட்டி கருகுது பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆள் கிடைக்கிறவரை என்று சொல்லி, ஸ்டோரை இப்போது நானே பார்க்கிறேன். நேற்று மத்தியானம் கடைசி வரிசை மூட்டைகளுக்குப் பின்னால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.